சிலந்திப் புழுவும் சிறுநீரகமும் பெற்ற பிள்ளை

மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளில் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், நெற்றி விளக்கு எல்லாவற்றையும் தாண்டிப் போனால் ஒரு மூலையில் அந்த நீலக் குழாய் தொங்கும். ஒரு சாண் நீளம். ஐம்பது கிராம் எடைகூடத் தேறாது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. ஓடைக்கரையில் குப்புறப் படுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினால் வடிகட்டிய நீர் வாய்க்கு வந்துவிடும். லைஃப்ஸ்ட்ரா என்று பெயர். பக்கத்திலேயே அதன் பங்காளிகள்: பையில் தண்ணீர் நிரப்பிப் பிதுக்குகிற வகை, பாட்டிலின் கழுத்தில் திருகுகிற வகை, மரக்கிளையில் மாட்டிவிட்டால் தானாக வடிகிற வகை. நிறமும் பெயரும்தான் வேறு. உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றே.

அட்டைப்பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்தால், முதுகுப்பையோடு மலை உச்சியில் நின்று சிரிக்கிற இளைஞருக்காகவே இதைக் கண்டுபிடித்தார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. இந்தக் குழாயின் உடம்பு, காலிலிருந்து புழுவை உருவிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களுக்காகச் செய்யப்பட்டது. அதன் குடலோ, சிறுநீரகம் செயலிழந்து படுத்த நோயாளிகளைச் சுற்றிக்கொண்டு வந்தது. முகாமிடப் போகிறவர்கள் கடைசி வரிசையில் வந்து சேர்ந்த வாடிக்கையாளர்கள்.

புழுவிலிருந்து ஆரம்பிப்போம். நரம்புச் சிலந்தி என்பது அந்த நோய்க்கு நம்மூரில் வழங்கிய பெயர். குளத்து நீரில் சைக்ளோப்ஸ் என்றொரு பூச்சி உண்டு. ஒரு மில்லிமீட்டர் இருக்கும், உற்றுப் பார்த்தால் கண்ணுக்குத் தட்டுப்படும். அதன் வயிற்றுக்குள் புழுவின் லார்வா. தண்ணீரோடு பூச்சியையும் சேர்த்து விழுங்கினால் வயிற்றிலுள்ள அமிலம் பூச்சியைக் கரைத்துவிடும். லார்வா மட்டும் பிழைத்துக் குடலைத் துளைத்து உடம்புக்குள் இறங்கும். ஏறக்குறைய ஓராண்டு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பாதத்திலோ கணுக்காலிலோ கொப்புளம் எழும்பும். தாங்க முடியாத எரிச்சல். கொப்புளம் உடைந்ததும் வெள்ளையாக, மெல்லிசாகப் புழு எட்டிப் பார்க்கும். பெண் புழு ஒரு மீட்டர்வரைகூட நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும், அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். எனவே அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக, வாரக்கணக்கில் உருவ வேண்டும். அதுவரை வயல் வேலையும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. இதற்கு மருந்தும் தடுப்பூசியும் இன்றுவரை இல்லை.

கொடுமை என்னவென்றால், எரிச்சல் பொறுக்காமல் நோயாளி காலைக் கொண்டுபோய் வைப்பது குளத்துத் தண்ணீரில்தான். தண்ணீர் பட்ட உடனே புழு லார்வாக்களை ஆயிரக்கணக்கில் கொட்டும். சைக்ளோப்ஸ் அவற்றைத் தின்னும். அடுத்த ஆண்டுக்கான நோயாளிகள் தயார்.

இந்தியாவிலும் இது இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது ஏழு மாநிலங்கள் பட்டியலில் இருந்தன; தமிழ்நாடும் அதில் ஒன்று. முதலில் விடுபட்டதும் தமிழ்நாடுதான். ராஜஸ்தானில் படிக்கட்டில் இறங்கி நீர் முகக்கும் கிணறுகள் அதிகம். இறங்குகிற கால்தான் நோயைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது என்பதால் அங்கே வெகுநாள் இழுத்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. போலியோ ஒழிப்பைக் கொண்டாடிய அளவுக்கு நாம் இதைக் கொண்டாடவில்லை என்பது என் குறை.

மருந்தில்லாத நோயை ஒழித்தது எது? தண்ணீரை வடிகட்டியதுதான் பாதி வேலை. கிருமி பெரிதோ சிறிதோ, அதைச் சுமக்கிற பூச்சி பெரிது. குடத்தின் வாயில் நெருக்கமாக நெய்த துணியைக் கட்டி ஊற்றினாலே பூச்சி தங்கிவிடும். ஆனால் பருத்தித் துணியில் இரண்டு சங்கடம்: அடைத்துக்கொள்ளும், ஈரத்திலேயே கிடந்து இற்றுப்போகும். ஆப்பிரிக்காவில் இந்தச் சங்கடத்தை எதிர்கொண்டவர் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். பதவியிழந்த பிறகு அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் 1986இல் இந்த நோயைக் கையில் எடுத்தது. அப்போது 21 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு நோய் வந்துகொண்டிருந்தது. 1988இல் கானாவில் ஒரு கிராமத்துக்குப் போன கார்ட்டர், ஒரு பெண் மார்போடு எதையோ அணைத்தபடி நிற்பதைப் பார்த்தார். கைக்குழந்தை என்று நினைத்து அருகே போனார். குழந்தை இல்லை, வீங்கிய மார்பைத்தான் அந்தப் பெண் தாங்கிப் பிடித்திருந்தார், அதன் முனையிலிருந்து புழு வந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் பல மேடைகளில் சொன்ன சம்பவம் இது.

அமெரிக்கா திரும்பியவர், டியூபான்ட் நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருந்த எட்கர் பிரான்ஃப்மனிடம் பேசினார். ஈரத்தில் இற்காத, ஒற்றை இழையால் நெய்த நைலான் துணி லட்சக்கணக்கில் இலவசமாக வந்தது. பூச்சியைக் குளத்திலேயே கொல்வதற்கும் ஒரு மருந்து இருந்தது: டெமிஃபாஸ். டெங்கு சீசனில் நம் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறார்களே, ‘அபேட்’ மருந்து, அதேதான். 1995இல் சூடானில் உள்நாட்டுப் போரே சில மாதங்கள் நின்றது. சுகாதாரப் பணியாளர்கள் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்பதற்காக இரு தரப்பையும் கார்ட்டர் ஒப்புக்கொள்ள வைத்தார். ஒரு புழுவுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த வேறு போர் எனக்குத் தெரிந்து இல்லை.

துணி வீட்டில் இருக்கிறது. மாடு மேய்க்கிறவர் காட்டில் இருக்கிறார். வயலுக்குப் போனவர் தாகமெடுத்தால் கிடைத்த குட்டையில் குனிந்து குடிப்பார். அவரிடம் குடமும் இல்லை, துணியும் இல்லை. இந்த இடத்தில்தான் குழாய் பிறந்தது. கையளவு பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் அதே நைலான் வலை. கழுத்தில் தொங்கவிடக் கயிறு. அவ்வளவுதான். இதைவிட எளிய கருவி ஒன்றை யோசிப்பது கஷ்டம். 2001இல் சூடானுக்கு மட்டும் இப்படி 90 லட்சம் குழாய்கள் போயின. ஆபத்தான பகுதிகளில் ஆளுக்கு ஒன்று என்பது கணக்கு. பாக்டீரியாவை இது தடுக்காது, தடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பூச்சி வாய்க்குள் போகக்கூடாது. அது ஒன்றுதான் இலக்கு.

வலையும் குழாயும் செய்து கொடுத்தவர்களில் டென்மார்க்கின் வெஸ்டர்கார்ட் ஃபிராண்ட்சன் நிறுவனமும் ஒன்று. 1957இல் சீருடை தைப்பதற்காகத் தொடங்கிய குடும்ப நிறுவனம். பிறகு நிவாரணக் கம்பளி, கொசுவலை என்று திசை மாறியது. புழுவைத் தடுக்கிற குழாய்க்குள் இன்னும் கொஞ்சம் சரக்கை அடைத்தால் பேதியையும் தடுக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. 2005இல் லைஃப்ஸ்ட்ரா வெளிவந்தது. வலை, அதற்குப் பின்னால் அயோடின் ஏற்றிய பிசின் மணிகள், கடைசியில் அயோடினின் நாற்றத்தை உறிஞ்சக் கரித்தூள். ஒரு குழாய் 700 லிட்டர் தாங்கும் என்றார்கள். பத்திரிகைகள் தூக்கிக் கொண்டாடின.

அயோடின் மணிகளும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்க மாத்திரை வேண்டும் என்று கேட்டபோது ஹார்வர்ட் ஆய்வாளர்கள் உருவாக்கியது அயோடின் மாத்திரை. பிசினில் அயோடினைப் பிடித்துவைக்கும் வித்தை 1970களில் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. விண்வெளி ஓடங்களின் குடிநீரையும் அதுதான் காத்தது. பட்டாளத்திலிருந்து விண்வெளிக்குப் போய், அங்கிருந்து கழுத்துக் கயிற்றுக்கு இறங்கிய சரக்கு.

பாராட்டுக்கு நடுவே முணுமுணுப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. தண்ணீருக்காக மைல்கணக்கில் நடக்கிற பெண்ணின் நடையை இந்தக் குழாய் ஒரு அடிகூடக் குறைக்காது. உறிஞ்சத் தெரியாத கைக்குழந்தைக்குப் பயன்படாது; பேதியில் அதிகம் சாகிறது கைக்குழந்தைதான். சமைக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும், அதைக் குழாயில் உறிஞ்சி ஊற்ற முடியாது. பூச்சியை மட்டும் தடுத்த பழைய குழாய் தன் வேலையைச் சரியாகச் செய்தது. எல்லாவற்றையும் தடுப்பேன் என்று வந்த புதிய குழாய் தடுமாறியது. அதோடு அயோடினுக்கு அடங்காத கிருமிகள் இருந்தன. அவற்றைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள் ஆப்பிரிக்காவில் இல்லை. அமெரிக்க மலைகளில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1960கள்வரை அங்கே காட்டுக்குப் போனவர்கள் ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். ஆளரவமற்ற மலை, பனி உருகிய நீர், அதில் என்ன வந்துவிடப்போகிறது என்ற தைரியம். 1965ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கொலராடோவின் ஆஸ்பென் பனிச்சறுக்கு நகரில் ஒரு வயிற்றுநோய் பரவியது. காரணம் ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் உயிரி. 1681இல் லேவன்ஹுக் தன் மலத்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது கண்டதும் இதைத்தான் என்பார்கள். 1970களில் முதுகுப்பைப் பயணம் மோகமாகி, காடெங்கும் ஆள் நடமாட்டம் பெருகியபோது ஜியார்டியாவும் பெருகியது. ஊர்மக்கள் பழியை நீர்நாய்க்குச் சொந்தம்போலத் தெரியும் பீவர் என்ற கொறிவிலங்கின்மீது போட்டார்கள். ஓடைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி உட்கார்ந்த மனிதர்களுக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு.

ஜியார்டியாவின் முட்டைபோன்ற கூடு குளிர்ந்த நீரில் அயோடினைத் தாக்குப்பிடிக்கும். வெகுநேரம் ஊறவைத்தால்தான் சாகும். அதைவிடக் கெட்டிக்காரன் கிரிப்டோஸ்போரிடியம். அயோடினாலும் குளோரினாலும் அதை அசைக்கவே முடியாது. 1993இல் மில்வாக்கி நகரின் குழாய்த் தண்ணீரில் புகுந்து சுமார் நான்கு லட்சம் பேரைப் படுக்கப் போட்டது. ஆக, மருந்து போதாது; சல்லடைதான் வேண்டும் என்று ஆனது.

சல்லடை இருந்தது. பாஸ்டரின் உதவியாளர் சேம்பர்லாந்து 1884இல் செய்த மெருகிடாத பீங்கான் குழல், ஜெர்மனியின் பெர்க்கெஃபெல்ட் 1890களில் செய்த டயட்டம் மண் குழல் ஆகியவற்றின் வாரிசுதான் நம் வீடுகளில் எவர்சில்வர் ஃபில்டருக்குள் நின்ற வெள்ளை கேண்டில். அதையே சுருக்கிக் கைப்பம்பு வைத்து சுவிட்சர்லாந்தின் கட்டாடின் விற்றது. அரைக்கிலோவுக்கு மேல் எடை. கீழே விழுந்தால் கேண்டில் விரிசல் விடும். பத்து நிமிடம் பம்பு அடித்தால் தோள் வலிக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எடை குறைக்கிற முதுகுப்பைக்காரருக்கு அது ஒத்துவருமா? இலகுவான ஒரு சல்லடைக்கு இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தை நிரப்பியதன் கதை 1938இல், நெதர்லாந்தின் குரோனிங்கன் மருத்துவமனையில் தொடங்குகிறது. வில்லெம் கொல்ஃப் என்ற இளம் மருத்துவர். அவர் பொறுப்பில் இருந்த முதல் நோயாளிகளில் ஒருவர் 22 வயது விவசாயி மகன். சிறுநீரகங்கள் நின்றுபோய், ரத்தத்தில் யூரியா ஏறி, பார்வை மங்கி, வாந்தியெடுத்துச் செத்துக்கொண்டிருந்தார். நாளுக்கு இருபது கிராம் யூரியாவை எப்படியாவது வெளியே எடுத்துவிட்டால் பையன் பிழைப்பானே என்று கொல்ஃபின் மனதில் ஓடியது. பையன் பிழைக்கவில்லை. கறுப்பு உடையில் நின்ற தாயிடம் அதைச் சொல்ல வேண்டியவரும் அவரே.

அங்கிருந்த உயிர்வேதியியல் பேராசிரியர் பிரிங்க்மன் ஒரு யோசனை கொடுத்தார்: செல்லோஃபேன். கறிக்கடையில் சாசேஜ் அடைக்கப் பயன்படுத்தும் செல்லோஃபேன் உறை. கொல்ஃப் ஒரு துண்டு உறையில் ரத்தத்தை ஊற்றி, யூரியாவைக் கலந்து, இரு முனையையும் கட்டி, உப்புநீரில் போட்டு ஆட்டினார். அரைமணி நேரத்துக்குள் யூரியா ஏறக்குறைய முழுவதும் உப்புநீருக்குப் போய்விட்டது. ரத்த அணுக்கள் உறைக்குள்ளேயே இருந்தன. உலகின் செயற்கைச் சிறுநீரகம் எல்லாம் இந்த சாசேஜ் தோலிலிருந்து வந்தவை.

1940 மே மாதம் ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்தார்கள். கொல்ஃபின் யூதப் பேராசிரியரும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த நாற்காலிக்கு ஒரு நாஜி வந்ததும் கொல்ஃப் அங்கிருந்து கிளம்பி காம்பன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் சேர்ந்தார். ஊரில் ஓர் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை. அதன் இயக்குநர் பெர்க்கோடு சேர்ந்து, போர்க்காலத் தட்டுப்பாட்டில் கிடைத்ததை வைத்து, மரச்சட்ட உருளை ஒன்று செய்தார்கள். உருளையில் பல மீட்டர் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, எனாமல் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, அதில் பாதி முங்கும்படி உருளையைச் சுழலவிட்டார்கள். சுழலும் உருளைக்குள் ரத்தம் கசியாமல் நுழைய ஒரு இணைப்பு வேண்டியிருந்தது. ஃபோர்டு காரின் தண்ணீர் பம்பைப் பார்த்து அதைச் செய்தார்கள். 1943இல் முதல் நோயாளி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள்.

1945 செப்டம்பரில், போர் முடிந்தபின், 67 வயதுப் பெண் ஒருவர் நினைவிழந்த நிலையில் வந்தார். நாஜிகளுக்கு உடந்தையாக இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர். அவரைக் காப்பாற்ற ஊரில் பலருக்கு விருப்பமில்லை. கொல்ஃப் இயந்திரத்தில் போட்டார். மணிக்கணக்கில் உருளை சுழன்றபின் அந்த அம்மாள் கண்விழித்தார். விழித்ததும் புருஷனை விவாகரத்து செய்யப்போகிறேன் என்றாராம். செய்யவும் செய்தார், இன்னும் சில ஆண்டுகள் வாழவும் வாழ்ந்தார். கொல்ஃப் இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கவில்லை. போர்க்காலத்தில் செய்துவைத்த இயந்திரங்களை வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் சும்மா அனுப்பிவிட்டார்.

உருளை பெரிது, வீட்டு அலமாரி அளவு. அதைக் கைக்குள் அடக்கியவர்கள் வேறு கவலையில் இருந்தவர்கள். 1950களின் முடிவில் அமெரிக்கா கடல் நீரைக் குடிநீராக்க வழி தேடிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் இருவரும் உப்பைத் தடுத்து நீரை விடும் படலத்தைச் செய்தார்கள். இன்று நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ.வின் மூலம் அது. அதே காலத்தில் டௌ கெமிக்கல் நிறுவனத்தின் ஹென்றி மேஹன், படலத்தைத் தாளாகப் பரப்பாமல் நூலாக இழுத்தார். நடுவில் துவாரமுள்ள நூல், சுவரே சல்லடை. தாளாக இருந்தால் கொஞ்சம் பரப்பளவுக்கே பெரிய பெட்டி வேண்டும். நூலாக இருந்தால் ஆயிரக்கணக்கில் ஒரு கையளவு உருளைக்குள் திணித்துவிடலாம். 1960களில் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் அந்த நூலுக்குள் கடல் நீருக்குப் பதில் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். 1967இல் நோயாளிக்கும் பயன்படுத்தினார்கள். இன்று எந்த டயாலிசிஸ் மையத்துக்குப் போனாலும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சிவக்கிற அந்தக் கண்ணாடிபோன்ற உருளைக்குள் பத்தாயிரம் அளவில் இந்த நூல்கள்தான்.

அதாவது, தண்ணீருக்காகப் பிறந்த நூல் ரத்தத்துக்குப் போயிற்று. திரும்பத் தண்ணீருக்குக் கூட்டிவந்தது ஜப்பானியர்கள். டயாலிசிஸ் நூல் நூற்பதில் ஜப்பானின் ஜவுளி நிறுவனங்கள் தேர்ந்துவிட்டிருந்தன. 1984இல் மிட்சுபிஷி ரேயான், சுவரின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, நூல் கட்டு ஒன்றை வீட்டுக் குழாயில் மாட்டும் வடிகட்டியாக விற்றது. டயாலிசிஸ் நூலின் துளை புரதத்தையே தடுக்கும் அளவுக்குச் சிறியது. அவ்வளவு சிறிய துளையில் வாயால் உறிஞ்சித் தண்ணீர் வராது. பாக்டீரியாவைத் தடுக்க 0.1 அல்லது 0.2 மைக்ரான் போதும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்மூர் பியூரிஃபையர் மெக்கானிக் ‘யூ.எஃப்.’ என்று சொல்லி மாற்றுகிறாரே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இந்த நூல் கட்டு வந்ததும் முகாம் வடிகட்டியின் எடை நூறு கிராமுக்குக் கீழே இறங்கியது. பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் கருவி விற்றுக்கொண்டிருந்த ஃபுளோரிடாவின் சாயர், 0.1 மைக்ரான் நூல் கட்டை ஒரு பையோடு சேர்த்து, பிதுக்கிக் குடிக்கும் வகையைக் கொண்டுவந்தது. அமெரிக்க நெடும்பாதைகளில் நடப்பவர்களிடம் அது பிய்த்துக்கொண்டு போனது. லைஃப்ஸ்ட்ராவும் அயோடினைக் கைவிட்டு அதே உடம்புக்குள் நூலுக்கு மாறியது. புழுவுக்கான குழாயும் சிறுநீரகத்துக்கான நூலும் அங்கேதான் ஒன்றுசேர்ந்தன.

ஆயுள் முடிந்த லைஃப்ஸ்ட்ரா ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். உள்ளே இடியாப்பம்போல வெள்ளை வெளேரென்று நூல் கற்றை. நூல்களை நடுவில் மடித்து, இரு நுனிகளையும் மேல்பக்கம் சேர்த்துப் பிசினில் பதித்திருப்பார்கள். பிசினைச் சமமாகச் சீவியிருப்பதால் நூல் துவாரங்கள் மட்டும் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். ஓடைத் தண்ணீர் நூல்களுக்கு வெளியே நிற்கும். உறிஞ்சும்போது நூலின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, துவாரம் வழியாக வாய்க்கு ஏறும். அழுக்கெல்லாம் நூலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். டயாலிசிஸில் ரத்தம் நூலுக்குள் ஓடும், கழுவும் நீர் வெளியே. இங்கே தலைகீழ். குடித்து முடித்ததும் பலமாக ஓர் ஊது ஊதினால் ஒட்டியது உதிர்ந்துவிடும். சாயரில் அதற்கென்று ஒரு பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சே கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சம்பந்தம் அங்கேயும் விடவில்லை.

கிரிப்டோ 4 முதல் 6 மைக்ரான், ஜியார்டியா அதைவிடப் பெரிது, பாக்டீரியா அரை மைக்ரானுக்கு மேல். மூன்றும் நூலில் மாட்டிக்கொள்ளும். வைரஸ் மாட்டாது. மஞ்சள்காமாலை கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் 0.03 மைக்ரான் அளவு, 0.2 மைக்ரான் வாசலில் தாராளமாக நுழையும். ஆளில்லாத அமெரிக்க மலையில் அது பெரிய கவலை இல்லை, ஏனென்றால் அந்த வைரஸ்கள் பெரும்பாலும் மனித மலத்திலிருந்து வருகிறவை. நம் மலைகளில் ஓடைக்கு மேலே ஒரு குடியிருப்போ கோயிலோ பேருந்து நிறுத்தமோ இல்லாத இடம் அரிது. அமெரிக்கர் எழுதிய விமர்சனத்தை நம்பி வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. வால்பாறை, நீலகிரி, மேகமலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரில் பூச்சிமருந்து கரைந்திருந்தால் அதையும் வெறும் நூல் தடுக்காது. உப்பு, ஃபுளோரைடு எதுவும் தடைபடாது. கரைந்தது கரைந்தபடியே வாய்க்கு வரும்.

இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நனைந்த நூல் இரவில் உறைந்தால், பனிக்கட்டியாக விரிகிற நீர் நூல் சுவரைக் கிழித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் தண்ணீர் முன்னைவிட வேகமாகக்கூட வரும். கிழிந்த நூல் வழியாக எல்லாமும் வரும். அதனால்தான் விவரமான வழிகாட்டிகள் ராத்திரி வடிகட்டியைப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேகுக்குள்ளேயே வைத்துத் தூங்கச் சொல்கிறார்கள்.

லைஃப்ஸ்ட்ராவை நிவாரண அமைப்புகள் மட்டுமே வாங்கிய காலம் போய், வட அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பள்ளிக் குழந்தைக்கு ஓராண்டுக் குடிநீர் கொடுப்பதாக நிறுவனம் சொல்கிறது. கென்யாவின் மேற்குப் பகுதியில் பெரிய அளவில் பள்ளிகளுக்கு வடிகட்டி கொடுத்திருக்கிறது. ஏழைக்காகச் செய்ததை வசதியானவருக்கு விற்கிறார்களே என்று பொருமுவோர் உண்டு. எனக்கு அந்தப் பொருமல் இல்லை. ஆசைக்கு நடக்கிறவர் கொடுக்கும் காசில் தண்ணீருக்கு நடக்கிறவருக்கு ஏதாவது கிடைத்தால் நல்லதே. என் பொருமல் வேறு: அட்டைப்பெட்டியில் கானாவும் இல்லை, காம்பனும் இல்லை. மலை உச்சி மட்டும் இருக்கிறது.

நரம்புச் சிலந்தி 2024இல் உலகம் முழுவதும் 15 மனிதர்களுக்கு வந்தது. கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று கார்ட்டர் ஆசைப்பட்டார்; அந்த ஆண்டு டிசம்பரில், நூறு வயதில், அவர்தான் முந்திக்கொண்டார். சாட், தெற்கு சூடான் பக்கங்களில் குழாய்கள் இன்னும் இலவசமாகக் கழுத்துகளில் தொங்குகின்றன.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் பின்புறத்தைத் திருப்பி வைரஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருந்துக்கடையில் குளோரின் மாத்திரை ஓர் அட்டை சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வடிகட்டுங்கள், பிறகு மாத்திரை போட்டு அரைமணி நேரம் விடுங்கள். அடுப்பு கையில் இருந்தால் மாத்திரையும் வேண்டாம்: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஊட்டி உயரத்திலும் அதற்கு மேலேயும் என்றால் மூன்று நிமிடம்.